தீவட்டிக்காரியின் நடை

பிப்ரவரி 4

கண்ணு வாலுவுக்குப் பாட்டியின் ஆசீர்வாதம்.

இங்கே நான் சுகம். படியேறும்போது முட்டி மட்டும் முணுமுணுக்கிறது, அது கிடக்கட்டும். முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணனை அச்சகத்தில் மிஷின் பிரிவுக்கே தலைவனாகப் போட்டுவிட்டார்கள். தனி மேஜை, தனி மின்விசிறி. அவன் மகள் சின்னக்குட்டி நீச்சலில் பள்ளிக்கூடத்துக்கே முதல். உன் சித்தி மகன் கணக்கில் தொண்ணூற்றெட்டு. மிச்சம் ரெண்டு எங்கே போச்சு என்று கேட்டேன், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவன் அக்கா தையல் இயந்திரக் கம்பெனியில் படம் வரைகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், முதல் சம்பளத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடி.

எல்லோருக்கும் மேலே நீ. உன் அம்மா இருந்திருந்தால் தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்திருப்பாள். அவள் பங்கையும் சேர்த்து நான் திரிகிறேன். நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனாலும் உன் வேலையை எடுத்துச் சொல்லப் பழகிவிட்டேன். “கம்ப்யூட்டர் விளையாட்டுல தீவட்டியைத் தூக்கிக்கிட்டு இருட்டு தேசத்துல போவாளே ஒருத்தி, அவ முகம் யாரோ வரைஞ்சது, குரல் யாரோ பேசினது, நடை மட்டும் என் பேத்தி. உடம்பெல்லாம் வெள்ளை உருண்டை ஒட்டின கறுப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு இவ நடப்பா, ஓடுவா, விழுவா. சுத்தி நிக்கிற கேமரா எல்லாம் அதைப் பிடிச்சு அவளுக்கு மாட்டி விடும்” என்பேன். நம்பாதவர்களிடம், வாசற்படி வரும்போது அவள் இடது காலை ரெண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே போவதைப் பார்க்கச் சொல்வேன். சேற்றுக் காலோடு வராதே என்று நான் உன்னைத் திட்டித் திட்டி வந்த பழக்கம் அது. இன்றைக்கு உலகமே பார்க்கிறது.

கீழே பேக்கரிக்காரர் ஒரு சேதி சொன்னார். முதல் பாகத்தில் தீவட்டிக்காரி கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு இருட்டிலேயே நின்றுவிட்டாள் அல்லவா. இரண்டாம் பாகத்தில் அவளே வரலாமா, புது ஆள் வரட்டுமா என்று கம்பெனிக்காரர்கள் விளையாடுகிறவர்களிடமே போனில் ஓட்டுக் கேட்கிறார்களாம். இதில் கேட்க என்ன இருக்கிறது. அவள் வந்தால்தானே உன்னைக் கூப்பிடுவார்கள். நான் சும்மா இருக்கப்போவதில்லை.

டிசம்பரில் பஸ்ஸிலிருந்து விழுந்தாயே, அந்த இடது காலில் மாவுக்கட்டுப் பிரித்தாகிவிட்டதா. வலி இருக்கிறதா. எனக்குப் போனில் பேசினால் காது இரைகிறது. கடிதமே போடு, திருப்பித் திருப்பிப் படிக்கலாம்.

உன் பாட்டி


பிப்ரவரி 21

அன்புள்ள பாட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. சித்தி மகனுக்காக நான் வருத்தப்படுகிறேன். தொண்ணூற்றெட்டு வாங்கியும் உன்னிடம் திட்டு வாங்கியவன் இனி எதற்கும் அஞ்சமாட்டான். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இரண்டையும் அதிகமாகவே செய்கிறேன். கால் தேவலை.

இப்போதைக்கு ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை. மற்றவர்கள் நடந்த பதிவுகளைத் திரையில் போட்டு, எங்கே கை இடிக்கிறது, எங்கே பாதம் தரையில் ஒட்டாமல் மிதக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நடப்பதைவிட நடக்கிறவர்களைக் குற்றம் சொல்வது சுகமாகத்தான் இருக்கிறது.

ஓட்டு விஷயத்தில் நீ மெனக்கெடாதே. இங்கே கதை எழுதுகிறவர்களே ரெண்டு கட்சி. ஒருவர், “அவ கதவைச் சாத்தினதுதான் அந்தக் கதைக்கே உயிர். மறுபடி திறந்து கூட்டிட்டு வந்தா அந்தச் சாத்தலுக்கு என்ன அர்த்தம்”னு கேட்கிறார். இன்னொருவர், “அர்த்தத்தை யாரு காசு குடுத்து வாங்குவா”ங்கிறார். மதியச் சாப்பாடு வரைக்கும் சண்டை, அப்புறம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறார்கள். எனக்கு எதுவானாலும் சரிதான்.

பேக்கரிக்காரர் போனிலிருந்து நீ வீடியோவில் கூப்பிட்டிருந்தாய் போல. என் போனில் கேமரா பழுது. கோபித்துக்கொள்ளாதே. முட்டிக்கு எண்ணெய் தடவு.

உன் வாலு


மார்ச் 3

கண்ணு வாலுவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். மெனக்கெடாதே என்று எழுதியிருந்தாய். அது கிடைப்பதற்குள் தெருவில் பாதியை முடித்துவிட்டேன்.

பேக்கரியில் ரொட்டி வாங்க வருகிற ஒருவரையும் விடவில்லை. “உங்க போனைக் கொஞ்சம் எடுங்க”ன்னு ஆரம்பிப்பேன். பயந்துபோய் எடுப்பார்கள். மாடி வீட்டு நர்ஸ் தன் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே போட வைத்தாள். சலவைக்கடைக்காரர், “பாட்டி, நான் விளையாடினதே இல்லையே”ன்னார். “உள்ளூர்த் தேர்தல்ல நின்னவனை மட்டும் உனக்குத் தெரியுமா, போட்டல்ல”ன்னேன்.

எதிர்த்த கடைத் தையல்காரர் ஒருவர்தான் முரண்டு. அவர் அந்த விளையாட்டை ராத்திரி பகலாக ஆடினவராம். “போனவ போனவளாவே இருக்கட்டும் பாட்டி. திரும்பி வந்தா அவ அவளா இருக்க மாட்டா. அதே மாதிரி இருந்தா அதைவிட மோசம், அவ்வளவு நாள் இருட்டுல இருந்தவ அதே மாதிரி எப்படி இருப்பா”ன்னு என்னிடமே வாதம். “உன் கத்தரிக்கோலை நாலு நாள் ஒளிச்சு வெச்சிட்டுத் திருப்பிக் குடுத்தா அது கத்தரிக்கோல் இல்லையா”ன்னு கேட்டேன். “கத்தரிக்கோலுக்கு மனசு இல்லையே”ன்னார். நான் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் என்னிடம் அளவு கொடுக்க ஆரம்பித்ததும் ஓட்டைப் போட்டுக்கொடுத்து அனுப்பினார்.

நீ ஒன்றும் கவலைப்படாதே. இவர்கள் ஓட்டெடுத்து, கதை எழுதி முடிப்பதற்குள் உன் கால் பழையபடி ஆகிவிடும். பழைய வாலு ஓடி வருவாள். உட்கார்ந்து செய்கிற வேலை உனக்கு ஒத்து வராது, எனக்குத் தெரியாதா. சோறு ஊட்டவே உன் பின்னால் மூணு மாடி ஏறினவள் நான்.

கட்டுப் பிரித்தாயிற்றா என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை.

உன் பாட்டி


மார்ச் 30

வாலுவுக்கு,

நான் சௌக்கியம். உன்னிடமிருந்து தபாலே இல்லை. தபால்காரரைப் பார்த்தால் அவரே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

ஜெயித்துவிட்டோம். பேக்கரிக்காரர் போனில் காட்டினார். அவள் வர வேண்டும் என்று போட்டவர்கள் மலைபோல, வேண்டாம் என்றவர்கள் கடுகுபோல. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கேக் என் செலவு. தையல்காரரும் வாங்கித் தின்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இனி கூப்பிடுவார்கள். கறுப்புச் சட்டை இன்னும் உனக்கு அளவாக இருக்குமா பார். உட்கார்ந்தே இருந்தால் உடம்பு போட்டிருக்கும். கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

உன் பாட்டி


ஏப்ரல் 16

அன்புள்ள பாட்டிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

ஜெயித்ததற்கு வாழ்த்து. தையல்காரர் கடையில் நீ அளவெடுத்த காட்சியை ஆபீஸில் எல்லோருக்கும் சொன்னேன், அர்த்தக்கட்சிக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

ஒன்றை மட்டும் விளக்க வேண்டும். தீவட்டிக்காரி வந்தாலும் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. முதல் பாகத்துக்காக நான் நடந்தது, ஓடியது, படியேறியது, திரும்பிப் பார்த்தது எல்லாம் இவர்கள் கம்ப்யூட்டர்ப் பெட்டியில் அப்படியே இருக்கிறது. அது கம்பெனிக்குச் சொந்தம். அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இனி அதையே வெட்டி, ஒட்டி, நீட்டிப் புதுக்கதைக்கு எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஓடினதன் பாதியும் அங்கே குதித்ததன் பாதியும் சேர்த்தால் ஒரு புதுத் தாவல் கிடைத்துவிடும்.

அந்த வெட்டி ஒட்டுகிற வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். “உன்னைவிட யாருக்குத் தெரியும்”னு சொன்னார் மேலாளர். சரிதானே. காலையிலிருந்து மாலை வரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு வேகமாக நடந்திருக்கிறேன் பாட்டி. எங்கே போவதற்கு அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை.

நீ மாத்திரையை வேளைக்கு எடுத்துக்கொள்.

உன் வாலு


ஏப்ரல் 26

பெரியவனுக்கு,

உன் பெண்டாட்டி, சின்னக்குட்டி எல்லோரும் சுகந்தானே. நானும் இருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் தங்கைக்கு என்ன ஆச்சு. அவள் நடையை வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட மாட்டார்களாம். அதை அவள் சரிதானே என்று எழுதுகிறாள். பக்கத்து வீட்டில் இவள் பந்தை எடுத்து வைத்துக்கொண்டதற்கு அவர்கள் வாசலில் மூன்று மணிநேரம் உட்கார்ந்தவள் இவள். தன் நடையையே எடுத்துக்கொண்டால் சரிதானே என்பாளா.

மாடி வீட்டு நர்ஸிடம் கேட்டேன். “டிசம்பர்ல போட்ட கட்டு இன்னும் இருக்காது பாட்டி”ன்னாள். அதோடு நிறுத்தாமல், “வீடியோல பாத்தீங்களா”ன்னும் கேட்டாள். இல்லை என்றேன். அவள் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

உனக்குத் தெரியும். நீதான் ஆஸ்பத்திரிக்குப் போனவன். போய்வந்ததிலிருந்து நீ என் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை, நான்தான் வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டேன். இருந்தது இருந்தபடி எழுது. எனக்கு ஒன்றும் ஆகாது. உன் அம்மாவையே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாட்டி


மே 9

மரியாதைக்குரிய பாட்டிக்கு,

நாங்கள் எல்லோரும் நலமே. இதை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் நர்ஸ் அக்கா இருந்தால் நல்லது.

அவள் பஸ்ஸிலிருந்து விழுந்ததோடு நிற்கவில்லை பாட்டி. பின்சக்கரம் இடது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “பாட்டிகிட்ட சொல்லாதே”தான். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். நல்லபடியாக நடந்து காட்டிவிட்டுத்தான் சொல்வேன் என்றாள்.

செயற்கைக்கால் பொருத்தியாகிவிட்டது. நடக்கிறாள். கோல் வேண்டும். அறைக்குள் வேண்டாம், தெருவுக்கு வேண்டும். நடை வேறுமாதிரி ஆகிவிட்டது, இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, காலை வீசி. வலிக்கிறதா என்று கேட்டால் திட்டுகிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓட்டெடுப்புக்கு முன்பே அவள் மேலாளரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். தீவட்டிக்காரி அத்தனை வருஷம் இருட்டில் கிடந்தவள், முழுசாகவா திரும்பி வருவாள், ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும், நான் நடந்து கொடுக்கிறேன் என்று. வரக் கூடாது என்று சண்டை போட்ட கதைக்காரரே, “இப்படின்னா அவ வரலாம்”னு கட்சி மாறிவிட்டாராம். அவளுக்கு மறுபடி அந்தக் கறுப்புச் சட்டையைக்கூடக் கொடுத்து ஒரு நாள் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் செய்து ரொம்ப நேரம் பேசினாள். பழைய மாதிரி கத்திக் கத்திப் பேசினாள்.

பிறகு ஓட்டு முடிவு வந்தது. மேலாளர் அதைக் காட்டி, “ஜனங்க கேக்கிறது அவளை. அதே அவளை”ன்னுட்டார்.

உங்கள் தெருவில் விழுந்த ஓட்டு அதில் ஒரு தூசி. அது இல்லாவிட்டாலும் இப்படித்தான் முடிந்திருக்கும். இதைச் சும்மா ஆறுதலுக்கு எழுதவில்லை. நான் சொன்னதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பேரன்


மே 25

கண்ணு வாலுவுக்குப் பாட்டியின் ஆசீர்வாதம்.

நான் நன்றாக இருக்கிறேன். சின்னக்குட்டி இப்போது மாவட்டப் போட்டிக்குப் போகிறாள். உன் சித்தி மகன் தொண்ணூற்றொன்பது வாங்கினான், நான் வாயைத் திறக்கவில்லை, அதற்கும் கோபித்துக்கொண்டான். தையல்காரர் எனக்கு ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தார், காசு வேண்டாமென்றுவிட்டார். என்ன நினைத்துக் கொடுத்தாரோ.

இங்கே வெயில் அதிகம். அங்கே உன் ஆபீஸில் ஏசி இருக்கும். நாற்காலி நல்ல நாற்காலியா. முதுகுக்கு ஏதாவது வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

வேறு விசேஷம் இல்லை.

உன் பாட்டி


ஜூலை 2

அன்புள்ள பாட்டிக்கு,

அண்ணன் சொல்லிவிட்டான், இல்லையா. அவனைக் கேட்டேன், இல்லையென்று சத்தியம் செய்தான். ஆனால் பிப்ரவரியிலிருந்து ஒரு கடிதம் பாக்கியில்லாமல் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டவள் நீ. போன கடிதத்தில் நாற்காலியை விசாரித்திருக்கிறாய், முதுகை விசாரித்திருக்கிறாய். இடுப்புக்குக் கீழே ஒன்றையும் விசாரிக்கவில்லை. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். உன் கடிதங்களில் மட்டும்தான் பாட்டி எனக்கு இன்னும் ரெண்டு கால் இருந்தது. மாசத்துக்கு ஒருமுறை அது தபாலில் வரும். அதை விட மனசு வரவில்லை.

நேற்று இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம் வந்துவிட்டது. ஆபீஸில் பெரிய திரையில் போட்டார்கள். கதவு திறக்கும், தீவட்டி வெளிச்சம் வரும், அவள் வருவாள். வாசற்படிக்கு வந்ததும் இடது காலை ரெண்டு தட்டு. அதை நான் வெட்டி எடுத்துவிட்டிருந்தேன். நேராக நடக்கவிட்டிருந்தேன். மேலாளர் பார்த்துவிட்டு, “ஜனங்க அதுக்குத்தானே காத்திருக்காங்க. திரும்ப வை”ன்னார். வைத்தேன். தட்டுகிற சத்தம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று அளந்து வைத்தேன். அந்த இடத்தில் கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்து தட்டினேன், கோல் கீழே விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவளுக்கு நான் யாரென்றே தெரியாது.

உன் ஓட்டைப் பற்றி வருத்தப்படாதே. நீ எனக்காக அலைந்தாய். நான் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நீ தெருவையே திருப்பியிருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். ஒன்றுதான் கேட்கிறேன். பழையபடி ஆகிவிடும் என்று மட்டும் இனி எழுதாதே.

உன் வாலு


ஜூலை 15

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். ரெண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை.

அந்த முன்னோட்டத்தை நானும் பார்த்தேன். பேக்கரிக்காரர் கடைக்குள் பெரிய டிவியில் போட்டார், எனக்காக நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் பிடித்து வந்து ஓட்டுப் போட வைத்தவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அவள் வந்தாள். நீதான். முதுகு, தோள், கழுத்தைத் திருப்புகிற திருப்பு, எல்லாம் நீ. படிக்கு வந்ததும் தட்டினாள். கடையே கைதட்டியது. “பாட்டி, உங்க பேத்தி வந்துட்டா”ன்னு பேக்கரிக்காரர் கத்தினார்.

ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு நிமிஷம், எல்லாம் பொய், பெரியவன் எழுதினது பொய், இதோ நடக்கிறாளே என்று இருந்தது. அந்த நிமிஷம் போனதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

எழுந்தேன். “என்ன பாட்டி, முடியலையே இன்னும்”னார்கள். “அது என் பேத்தி இல்ல. என் பேத்திக்கு ஒரு கால் போயிருச்சு. கோல் வெச்சுக்கிட்டு நடக்கறா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, நான் இன்னும் பாக்கல”ன்னேன். டிவியை நிறுத்திவிட்டார் பேக்கரிக்காரர். தையல்காரர்தான் வீடு வரைக்கும் கூட வந்தார். “அப்பவே சொன்னேனே பாட்டி”ன்னு சொல்லிக்காட்டுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். சுவரில் உன்னை மாட்டி வைத்திருக்கிறேன். கறுப்புச் சட்டையில், ஒரு காலை உயரத் தூக்கித் தாவுகிற படம், கம்பெனியில் எடுத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பெனிக்காரனை என்ன சொல்ல. அவன் பெட்டியில் வைத்திருந்ததைத்தான் நானும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். எழுதின கடிதத்தையெல்லாம் நான் அந்தப் பெண்ணுக்குத்தான் எழுதினேன் போலிருக்கிறது. நீ எடுத்து வைத்துப் படித்திருக்கிறாய்.

பழையபடி ஆகிவிடும் என்று எழுத மாட்டேன். எழுதினால் பேனா முறியட்டும்.

அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். ஆணி அப்படியே இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முகத்தை மட்டும் எடுக்காதே, தலையிலிருந்து தரை வரைக்கும் வேண்டும், கோலும் தெரிய வேண்டும். சிரிக்க வராவிட்டால் சிரிக்காதே. போனில் அனுப்பினால் அடுத்தவர் போனில்தான் நான் பார்க்க வேண்டும், அது வேண்டாம். காகிதத்தில் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் சேர்த்துவிடு.

உன் பாட்டி